மேலே அவர் பெயரைப் போட்டது நான்தான்

1

சூப்புக்காக ஒரு மனிதரைப் படம் பிடித்துப் பத்திரிகையில் போடுவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

விடுமுறைக்கு ஊருக்கு வந்த நான்காம் நாள். மனைவியின் பிறப்புப் பதிவு நகல் ஒன்று வேண்டியிருந்தது. காரைக்காலில் அந்த வேலையை முடித்துவிட்டு அம்பகரத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தேன். வெயில் தாங்கவில்லை, ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். திருநள்ளாறு தாண்டியதும் ஃபோன் அதிர்ந்தது. பாரிஸுக்கு வெளியே நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்திலிருந்து, கூட வேலை செய்யும் அமினத்தா ஒரு படம் அனுப்பியிருந்தாள்.

எங்கள் ஆஸ்பத்திரிக் குழுமம் அவ்வப்போது அச்சடித்துக் கொடுக்கும் பத்திரிகையின் ஒரு பக்கம் அது. பக்கம் முழுக்க என் மேலதிகாரி ஜெரார். வெள்ளைக் கோட்டும் காகிதத் தொப்பியுமாக, சாப்பாட்டு வண்டி ஒன்றின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். பதினோரு வருஷமாக அந்த வண்டியைத் தள்ளுகிறவன் நான். அவர் கை அதில் பட்டதை நான் பார்த்தது அந்தப் படத்தில்தான். தலைப்பு, 'கடைசிப் படுக்கை வரை சூடான சூப்.' கீழே 'ஜெரார் முறை' என்று தனியாகக் கட்டம் கட்டி விளக்கியிருந்தார்கள். மற்ற ஆஸ்பத்திரிகளும் இந்த முறையைப் பின்பற்றப் போகின்றனவாம். இதைப் பரப்புவதற்காகவே அவருக்குத் தலைமை அலுவலகத்தில் புதுப் பதவி கொடுத்திருக்கிறார்களாம்.

அந்த முறை என்னுடையது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சின்னதாக்கிப் பார்த்தேன். எங்கேயாவது ஓர் ஓரத்தில் என் பெயர் இருக்கிறதா என்று மடத்தனமாகத் தேடினேன். நிமிர்ந்தபோது எங்கள் ஊர் ஸ்டாப் போய்விட்டிருந்தது. பிறந்த ஊரில் இறங்க மறந்தவன் என்று கண்டக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

2

நான் பிரான்சுக்குப் போன கதை காரைக்கால்காரர்களுக்குப் புதிதல்ல. என் மனைவி செல்வியின் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அதனால் அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் பிரெஞ்சு நேஷனாலிட்டி உண்டு. நெல் விளைகிற வீட்டுப் பையன், பட்டம் படித்தவன், வேலை கிடைக்காதவன் என்று மூன்று தகுதிகளோடு நான் மாப்பிள்ளையானேன். இப்படிப் போகிறவர்களை ஊரில் நேஷனாலிட்டி மாப்பிள்ளை என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். நானும் முன்பு வேறு ஆட்களைக் கேலி செய்தவன்தான்.

போன இடத்தில் முதலில் தொலைந்தது என் பெயர். நமக்கு இருப்பது ஒரு பெயரும் அப்பா பெயரும். அவர்களுக்கோ குடும்பப் பெயர் வேண்டும். பாரத்தில் இருந்த கட்டத்தில் அப்பா பெயரை எழுதினேன், அதுவே நிலைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் என்னை 'முசியே கோவிந்தராசு', அதாவது திரு. கோவிந்தராசு என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் அப்பா கடல் தாண்டியதில்லை, அடுப்பங்கரைப் பக்கமும் போனதில்லை. ஆனாலும் ஒரு பிரெஞ்சு ஆஸ்பத்திரியின் சமையற்கூடத்தில் பதினோரு வருஷமாக நல்ல பெயரோடு வேலை பார்த்துவருகிறார். முருகவேல் என்று ஒருவன் இருப்பது அங்கே இரண்டு மூன்று பேருக்குத்தான் தெரியும்.

3

முறை என்னவென்று சொல்லிவிடுகிறேன். பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை.

சமையற்கூடம் தரைக்குக் கீழே இருக்கிறது. மேலே நான்கு கட்டிடங்கள். மதியம் எல்லா வண்டிகளிலும் ஒரே நேரத்தில் தட்டுகளை அடுக்கிவிட்டு, பக்கத்துக் கட்டிடத்திலிருந்து தொடங்கி வரிசையாகக் கொண்டுபோவோம். நான்காவது கட்டிடம் தோட்டத்துக்கு அந்தப் பக்கம். அங்கே இருப்பவர்கள் வயதானவர்கள், மாதக்கணக்கில் படுத்திருப்பவர்கள். அவர்களுடைய வண்டி அடுக்கி முடித்துக் காத்திருக்கும், பிறகு எல்லாவற்றையும்விட அதிக தூரம் போகும், நடுவில் பார்வையாளர் கூட்டத்தில் லிஃப்ட்டுக்காக நிற்கும். போய்ச் சேரும்போது சூப்பின் மேல் ஆடை படர்ந்திருக்கும். ஒரு அம்மாள் தினமும் கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஓரமாகத் தள்ளிவைப்பார். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலாம் என்றிருக்கும்.

எங்கள் வாய்க்காலில் தண்ணீர் குறைந்த வருஷங்களில் என்ன செய்வோம்? தலைமடையை அடைத்துவிட்டுக் கடைமடை வயலுக்கு முதலில் ஓடவிடுவோம். பிறகு ஒவ்வொன்றாக மேலே திறந்துகொண்டு வருவோம். பக்கத்தில் இருப்பவனுக்குக் கடைசியில் திறந்தாலும் உடனே வந்துவிடும். வண்டிக்கும் அதே கணக்குத்தான். நான்காம் கட்டிடத்து வண்டியை முதலில் அடுக்கி, அடுக்கிய உடனே அனுப்ப வேண்டும். பக்கத்துக் கட்டிடத்து வண்டியைக் கடைசியாகத்தான் அடுக்கவே வேண்டும். லிஃப்ட் தொல்லைக்கும் வழி இருந்தது. பின்பக்கத்தில் சரக்கு லிஃப்ட் ஒன்று காலைக்குப் பிறகு சும்மா கிடக்கும். பதினொன்றரைக்கு அதில் ஏற்றினால் குறுக்கே ஆள் கிடையாது.

இப்படிச் செய்து பார்த்ததில் இரண்டு வாரத்தில் மாற்றம் தெரிந்தது. அந்த அம்மாள் கிண்ணத்தைத் தொட்டார், ஊதிக் குடித்தார். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

4

இப்போது என் மடத்தனத்துக்கு வருகிறேன்.

இதையெல்லாம் இரண்டு பக்கத்துக்கு எழுதி ஜெராரிடம் கொடுத்தேன். எழுத உட்கார்ந்ததும் கை தானாகவே ஊர்ப் பழக்கத்தில் ஓடியது. நம் ஊரில் கபடிப் போட்டிக்கோ கோயில் திருவிழாவுக்கோ நோட்டீஸ் அடித்தால் எப்படி அடிப்போம்? மேலே தலைமை, அதற்குக் கீழே முன்னிலை, பிறகு வாழ்த்துரை வழங்குவோர். பந்தல் போட்டு, ஆள் பிடித்து, வெயிலில் கோடு கிழித்தவன் பெயர் கடைசி வரியில், நன்றியுரை என்று பொடி எழுத்தில் இருக்கும். வேலை செய்தது யார் என்று தெரிந்துகொள்ள ஊரில் எல்லோரும் நோட்டீசைக் கீழிருந்து படிப்பார்கள். என் பெயர் பல வருஷம் அந்தக் கடைசி வரியில் வந்திருக்கிறது. அது குறைவு என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

அப்படியே செய்தேன். முதல் பக்கத்தின் தலையில் கொட்டை எழுத்தில், 'திரு. ஜெரார் அவர்களின் வழிகாட்டுதலில்.' இரண்டாம் பக்கத்தின் அடியில், 'தயாரித்தவர்' என்று என் பெயர். வழிகாட்டுதல் எதுவும் நடக்கவில்லை. ஒரு நாள் நான் இதைச் சொல்ல ஆரம்பித்தபோது அவர் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

அடுத்த மாதம் கூட்டம். ஜெரார் என் இரண்டு பக்கத்தைத் திரையில் ஓடும் படங்களாக மாற்றியிருந்தார். மேல் வரி இருந்தது. அடி வரி வரவில்லை. இயக்குநர் அம்மையார் எங்களைப் பார்த்து, "பிரமாதம். இது யாருடைய யோசனை?" என்று கேட்டார். ஜெரார் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அதை நான் மறைக்க விரும்பவில்லை, திரும்பிப் பார்த்தார். எனக்குப் பேச வாய்ப்பு இருந்தது. நான் எழுந்து நின்று, தலையை லேசாகக் குனிந்து, "எல்லாம் முசியே ஜெராரின் வழிகாட்டுதல்தான்" என்றேன்.

ஊரில் இது பாதிப் பேச்சு. மேடையில் நான் இப்படிச் சொன்னால் தலைவர் மைக்கைப் பிடுங்கி, "எனக்கு என்னாங்க தெரியும், துண்டப் போட்டுக்கிட்டு வந்து உக்காந்தேன். எல்லாம் இந்தப் பய செஞ்சது" என்று என் முதுகில் ஓங்கித் தட்டுவார். தட்டியே ஆக வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் மரியாதை.

அந்தத் தட்டுக்காக நின்றேன். உட்காராமல் இன்னும் கொஞ்சம் நின்றேன். ஜெரார் புன்னகையோடு "மெர்சி" என்றார். நன்றியாம். கூட்டம் அடுத்ததாகப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியது.

5

ஊர் தாண்டி நான் இறங்கிய இடத்திலிருந்து என்னைக் கூட்டிப்போக அண்ணன் பைக்கில் வந்தார். ஊரில் பயிர் பார்ப்பவர் அவர்தான். வாய்க்கால் முறை வைப்பதில் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு. பின்னால் உட்கார்ந்துகொண்டு நடந்ததையெல்லாம் கத்திச் சொன்னேன். 'மெர்சி' வந்ததும் பைக்கை ஓரம் கட்டிவிட்டார்.

"மெர்சின்னாரா? அப்புறம்?"

"அப்புறம் ஒன்னும் இல்லண்ணே. அதோட முடிஞ்சிபோச்சு."

அண்ணன் சிரித்தார். ஹேண்டில்பாரில் தலையை வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"சிரிக்காதண்ணே. வயித்தெரிச்சலா இருக்கு."

"இல்லடா, அவரச் சொல்லிக் குத்தமில்ல. நீ குடுத்த, அவரு வாங்கிக்கிட்டாரு."

"பண்பு வேணாமா?"

"பண்பா?" சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நம்ம தலைவரு உன் முதுவுல தட்டுனாரே, பண்புலயா தட்டுனாரு? எதிர்ல நானூறு பேரு உக்காந்திருக்கான். பந்தல் போட்டது யாருன்னு அத்தன பேருக்கும் தெரியும். தட்டலன்னா அவரு மானம் போயிடும். அதான் தட்டுனாரு. அங்க உன்னத் தெரிஞ்சவங்க எத்தன பேரு?"

எங்களைச் சுற்றிக் குறுவை நன்றாகப் பச்சை பிடித்திருந்தது. எனக்கு அதை ரசிக்கிற மனநிலை இல்லை.

"சொல்லு, எத்தன பேரு?"

"ரெண்டு மூணு பேருண்ணே."

"அப்ப வாயத் தொறந்துதான் சொல்லணும். வேற வழி இல்ல."

மீதி விடுமுறை இப்படியே போயிற்று. யாராவது சாப்பாடு போட்டால் பாதியில் எழுந்துவிடுவேன். கடற்கரைக்குப் போகலாம் என்று கிளம்பி பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வருவேன். ஜெராரிடம் சொல்ல வேண்டியதைத் திரும்பத் திரும்பப் பிரெஞ்சில் மனசுக்குள் பேசிப் பார்த்தேன். ஒரு நாள் அது வாய்விட்டு வந்துவிட்டது. காய்கறி விற்கும் அம்மாள், "என்ன தம்பி, ஒடம்புக்கு ஏதும் பண்ணுதா?" என்று கேட்டார்.

6

திரும்பிப் போனதும் வருடாந்தர நேர்காணல் காத்திருந்தது. அங்கே வருஷத்துக்கு ஒருமுறை மேலதிகாரி எதிரில் உட்கார்ந்து, நம்முடைய வேலையை நாமே மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். முன்கூட்டியே ஒரு பாரம் தருவார்கள். அதில் 'இந்த ஆண்டில் உங்கள் சாதனைகள்' என்று ஒரு கட்டம் இருக்கும். பத்து வருஷமாக அதில் 'நேரத்துக்கு வருகிறேன்' என்று எழுதிக் கொடுத்து வந்திருக்கிறேன்.

இந்த முறை விஷயம் வேறு. ஜெரார் தலைமை அலுவலகத்துக்குப் போவதால் அவர் இடம் காலியாகிறது. பொறுப்பாளர் வேலை. விண்ணப்பித்தவர்கள் இரண்டு பேர், நானும் அமினத்தாவும். மாலி நாட்டுக்காரி, என்னைவிட மூன்று வருஷம் மூத்த ஊழியர். நேர்காணல் பாரங்களைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வேலை எனக்கு எதற்காக வேண்டும் என்பதை இங்கே உடைத்துச் சொல்ல வேண்டும். பொறுப்பாளருக்குத் திங்கள் முதல் வெள்ளி வரைதான் வேலை. எங்களுக்கோ சுழற்சி முறை. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு வேலைக்குப் போக வேண்டும், ஆள் குறைந்தால் எல்லா ஞாயிறும். என் மகள் ஓவியாவுக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். அடுத்த செப்டம்பரில் வேறு ஊருக்குப் படிக்கப் போய்விடுவாள், அதன்பிறகு பண்டிகைக்கு வருகிற விருந்தாளிதான். இப்போதே வீட்டில் நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறாள். சிரிப்பதற்கு முன் ஃபோனைப் பார்க்கிறாள். வேலைக்குப் போன ஞாயிறுகள் போகட்டும், மீதி இருக்கிற ஞாயிறுகளிலாவது அவளோடு இருக்க வேண்டும் என்று எனக்கு வெறியாக இருந்தது.

என் பிரெஞ்சு எழுத்தில் பிழை மலிந்திருக்கும். அதனால் நான் சொல்லச் சொல்ல அவள் கணினியில் அடித்தாள். அண்ணன் சொன்னது காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. வாயைத் திறந்தேன். அடைத்துவைத்ததெல்லாம் வந்தது. முறை நான் கண்டுபிடித்தது, வரிசையை மாற்றியது நான், அடுக்கும் நேரத்தை மாற்றியது நான், சரக்கு லிஃப்ட்டைப் பயன்படுத்தியது நான்.

ஓவியாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவள் பார்வையில் ஜெரார் ஒரு திருடன். திருட்டைத் தட்டிக்கேட்காத அப்பா ஒரு கோழை. கோழை இன்று எழுந்துவிட்டான். வாசித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"இந்த லிஃப்ட் ஐடியா உங்களுக்கு எப்படிப்பா வந்துச்சு? சூப்பரா இருக்கு."

"அது அமினத்தா சொன்னது."

அவள் விரல் நின்றது. "அவங்க பேரு எங்க?"

"அவளுக்கும் ஒரு பாரம் இருக்கு. அதுல எழுதிக்குவா."

"லிஃப்ட் இல்லாட்டி உங்க ஐடியா வேல செஞ்சிருக்குமா?"

இருக்காது. முதல் மூன்று நாள் பெரிய லிஃப்ட்டின் முன் வண்டியோடு நின்று, இது தேறாது என்று நான் கைவிட இருந்தபோதுதான் அமினத்தா என் சட்டையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துப் போனாள். பழைய சாவியை எங்கிருந்தோ கேட்டு வாங்கி வந்தவளும் அவள்தான்.

உங்களுக்கும் நான் இதைச் சொல்லவில்லை. வேண்டுமானால் மேலே மூன்றாம் பகுதியைப் பாருங்கள். லிஃப்ட் 'சும்மா கிடக்கும்' என்று எழுதியிருக்கிறேன். அது சும்மா கிடக்கிறது என்று கண்டவள் யாரென்று எழுதவில்லை. பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஜெராரும் பொய் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் அன்று எனக்கு இந்தத் தெளிவு வரவில்லை. கோபம்தான் வந்தது. "நீ அடிக்கிறதுக்குத்தான் உக்காந்திருக்க, கேள்வி கேக்கிறதுக்கு இல்ல" என்று கத்தினேன். செல்வி உள்ளேயிருந்து வந்து, "ஒரு பேரு போட்டா என்னங்க கொறஞ்சிடப் போவுது?" என்றாள்.

"போட்டா வேல அவளுக்குப் போயிடும். அவ எனக்கு சீனியர். இந்த ஒன்னுதான் எங்கிட்ட இருக்கு." ஓவியாவின் பக்கம் திரும்பினேன். "இது கெடச்சா ஞாயித்துக்கிழமையெல்லாம் வீட்டுல இருப்பேன். தெரியுமா உனக்கு?"

"தெரியும்ப்பா" என்றாள்.

கணினியை மூடவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி, கார்கள் நிற்கும் இடத்தை நாலைந்து தடவை சுற்றினேன். குளிருக்கு எதையும் போட்டுக்கொள்ளவில்லை. ஜெராரை நினைத்துத் திட்டினேன், மகளை நினைத்துத் திட்டினேன், கேள்வி கேட்கக் கற்றுக்கொடுக்கிற அந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களையும் விடவில்லை. மேலே வந்தபோது அவள் அதே நாற்காலியில் இருந்தாள்.

"போடு" என்றேன். "சரக்கு லிஃப்ட் அமினத்தாவின் யோசனை. அப்படியே போடு."

7

நேர்காணலில் ஜெரார் பாரத்தை நிதானமாகப் படித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், இல்லை. இழுப்பறையிலிருந்து ஒரு கோப்பை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் கொடுத்த அதே இரண்டு பக்கம். முதல் வரியில் விரலை வைத்தார்.

"இதை எழுதியது நீங்கள்."

"ஆமாம்."

"கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னதும் நீங்கள்."

"ஆமாம். எங்கள் ஊரில் அது மரியாதைக்குச் சொல்வது. நீங்கள் மறுப்பீர்கள் என்று எதிர்பார்த்தேன்."

அவர் புருவத்தை உயர்த்தினார். "எனக்குக் கொடுக்கிறீர்கள் என்று நான் நினைத்தேன்."

நான் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். அடி வரியைக் காட்டினேன். "இது? இதை நீங்கள் பார்க்கவில்லையா?"

"பார்த்தேன்" என்றார்.

இரண்டு மாதமாக நான் மனப்பாடம் செய்திருந்த பிரெஞ்சு முழுவதும் அந்த ஒரு சொல்லில் வீணாகப் போயிற்று. திட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. "நான்தான் செய்தேன், முசியே" என்று மட்டும் சொன்னேன். "நானும் அமினத்தாவும்." பதினோரு வருஷத்தில் அந்த அறையில் நான் உரக்கப் பேசியது அன்றுதான்.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. பத்திரிகை அச்சாகிவிட்டது, அதில் செய்ய ஒன்றுமில்லை என்றார். பாரத்தின் அடியில், மேலதிகாரியின் கருத்து என்ற இடத்தில், 'மேலே சொன்னவை சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போடும்போது என்னைப் பார்க்கவில்லை.

8

பொறுப்பாளர் வேலை அமினத்தாவுக்குக் கிடைத்தது. பணி மூப்பு, கூடவே லிஃப்ட் யோசனை. என் பாரத்திலேயே சாட்சி இருந்ததாக அலுவலகப் பெண் சொன்னாள். பாராட்டாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அது பாராட்டாகப் படவில்லை.

முதல் வாரம் புதிதாக இரண்டு பையன்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். அமினத்தா அவர்களை வண்டிகளின் முன் நிறுத்தி விளக்கினாள். "முதலில் நான்காம் கட்டிடம். தூரமாக இருப்பவர்களுக்கு முதலில். இது முருகவேலுடைய முறை. சரக்கு லிஃப்ட் என்னுடையது. சந்தேகம் இருந்தால் அவரைக் கேளுங்கள்." கோவிந்தராசு என்று சொல்லவில்லை. முருகவேல் என்றாள், அவள் நாக்குக்கு வராத 'வேல்' என்பதைக் கஷ்டப்பட்டு வரவழைத்து. அந்தப் பையன்கள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். நான் வண்டியின் சக்கரத்தில் ஏதோ சிக்கியிருப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

இதைப் படிக்கிறவர்கள் அப்போது என் மனசு நிறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நிறையவில்லை. அவளைப் பார்க்கும்போது நன்றியும் வருகிறது, அந்த நாற்காலியில் நான் இருந்திருக்க வேண்டும் என்ற எரிச்சலும் வருகிறது. இரண்டும் ஒரே நாளில், சில சமயம் ஒரே வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போதே வருகின்றன.

அந்த வாரக் கடைசியில் எனக்கு ஞாயிறு வேலை. வீடு திரும்பும்போது மணி நாலரை. மேஜையில் மூன்று தட்டு போட்டிருந்தது. செல்வியும் ஓவியாவும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"இனிமே ஞாயித்துக்கெழமை மத்தியானச் சாப்பாடு நாலரைக்குத்தான்" என்றாள் செல்வி. "அவதான் சொன்னா. பசியில நான் ரெண்டு வாழப்பழம் சாப்பிட்டேன், அதையும் சொல்லிடுறேன்."

சாப்பிட உட்கார்ந்தோம். அமினத்தா அந்தப் பையன்களிடம் பேசியதைச் சொன்னேன். சொல்லும்போது, அந்த வாரம் முழுக்க என்னைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி வாயில் வந்துவிட்டது.

"அந்த வேல எனக்குக் கெடச்சிருந்தா, அவ பேர நான் அப்படிச் சொல்லியிருப்பேனா?"

செல்வி என்னைப் பார்த்தாள். சமாதானத்துக்காக எதையாவது சொல்கிற வழக்கம் ஓவியாவுக்குக் கிடையாது. யோசித்துவிட்டுத் தமிழிலேயே சொன்னாள்.

"மொத வாரம் சொல்லியிருக்க மாட்டீங்க. அப்புறம் நான் கேட்டிருப்பேன், நீங்க கத்தியிருப்பீங்க, கீழ போயிச் சுத்திட்டு வந்து சொல்லியிருப்பீங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "அடுத்த செப்டம்பர்ல இருந்து நீங்களேதான் கேட்டுக்கணும்ப்பா."

சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.